ஒரு தாருக்கு ஒரு பாட்டு

குடியாத்தம்
12-8-1961

சாவித்திரிக்கு,

முதலில் நீ கேட்ட பெயர்களை எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

1941 தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், நந்தகோபால் நூல் கடை மாடியில் 'ஊற்றுக்கண்' கையெழுத்துப் பத்திரிகையின் ஆண்டு விழா. அன்றைக்கு இருந்தவர்கள்: தலைமை வகித்த வாத்தியார் சாமிநாதன். மாடியை விட்டுக்கொடுத்த நந்தகோபால். அவன் சம்சாரம் கண்ணம்மாள், எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டு எனக்குக் கடைசியில் கொடுத்தவள். ஆர்மோனியம் வாசித்த சம்பத். பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்த முக்தார் அகமது. மெட்ராசிலிருந்து வந்த புலவர் ஐயா. பெயர் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. ஆற்காட்டிலிருந்து பச்சையப்பன், அப்போது அவர் உனக்குத் தாத்தா ஆகவில்லை, தன் மகனுக்கு என் மகளைக் கேட்க வந்தவர், மக்கன்பேடா இனிப்புப் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். பத்திரிகையின் ஆசிரியன், என் மகன் சம்பந்தம். நூல் மூட்டைகளுக்குப் பின்னால் நான். என் பக்கத்தில் உன் அம்மா கமலவேணி. பதினெட்டு வயது, பச்சைக் கட்டம் போட்ட சேலை.

அவ்வளவு பேர்தான். நூறு பேர் கூடியதாக உன் மாமன் இப்போது மேடையில் சொல்கிறானாம். மூட்டைகளையும் சேர்த்துக்கொண்டான் போலிருக்கிறது.

அன்றைக்குப் பதினொரு பாட்டு அரங்கேறியது. புலவர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தமிழ் மறுபடியும் பிறக்கிறது என்று சொன்னார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உன் மாமன் கவிஞர் சம்பந்தம் ஆகி மெட்ராசுக்குப் போனான்.

இதெல்லாம் உனக்கு எதற்கு? அந்த வீட்டிலேயே இருக்கிறாய், அவனையே கேட்கலாமே. உடம்பு எப்படி இருக்கிறது? மெட்ராஸ் தண்ணீர் முடியைக் கொட்ட வைக்கும். எண்ணெய் வை.

உன் ஆயா,
கங்கம்மாள்

சென்னை
20-8-1961

அன்புள்ள ஆயாவுக்கு சாவித்திரி எழுதுவது. மாமா, அத்தை எல்லாரும் சுகம். முடி கொட்டவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற சித்திரையில் மாமாவுக்குப் பாராட்டு விழா. நம் ஜில்லாவில் அந்தக் காலத்தில் எழுந்த எழுத்தாளர்களைப் பற்றி எங்கள் பேராசிரியர் ஒரு தொகுப்பு கொண்டுவருகிறார், அதில் மாமாவின் பாடல்கள்தான் முதலில் வருகின்றன. ஆனால் 'ஊற்றுக்கண்' பாடல்கள் ஒன்றுகூடக் கையில் இல்லை. பத்திரிகைகள் அழிந்துவிட்டன என்று மாமா சொல்கிறார். "உன் ஆயாவைக் கேளு, அவங்களுக்கு மறக்கவே தெரியாது" என்று அவர்தான் என்னை எழுதச் சொன்னார். தானே எழுதத் தயங்குகிறார். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன பேஜார் என்று நான் கேட்கவில்லை.

பாட்டுகளை உனக்குத் தெரிந்தவரை எழுதி அனுப்புவாயா? பத்திரிகைகள் எப்படி அழிந்தன? தமிழ் ஆனர்ஸ் படிக்கிற எனக்கு இதைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

அன்புடன்,
சாவித்திரி

குடியாத்தம்
5-9-1961

சாவித்திரிக்கு ஆயா ஆசீர்வாதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மரியாதை தெரிந்த வலி, மழைக்கு மட்டும் வருகிறது.

பத்திரிகை எப்படி அழிந்தது என்று கேட்டாய். முக்தாரைக் கேள். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி, உன் மாமன் கையால் எழுதுவான். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வேலூர் எல்லாம் சுற்றி, படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதி, மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும். அப்படிப் பன்னிரண்டு. அதையெல்லாம் ஒன்றாகத் தைத்து, ஆட்டுத்தோல் அட்டை போட்டு, விழாவில் பரிசாகக் கொண்டுவந்தான் அந்த மகராசன். பட்டு மாதிரி மெத்தென்று இருந்தது. எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

பதப்படுத்துகிற பட்டைத் தண்ணீரில் இன்னும் பத்து நாள் ஊற வேண்டிய தோல் அது. புலவர் ஐயா வசதிக்காக விழாவை முன்னால் தள்ளினார்கள், இவன் அவசரத்தில் பாதிப் பதத்தில் உருவிக்கொண்டு வந்துவிட்டான். தோல் ஷாப்பில் பேனா பிடித்தவனுக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும்? ஐப்பசி மழையில் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று திறந்தேன். தோல் அழுகிப் புழு வைத்து, காகிதமெல்லாம் ஒட்டிக் கூழாகிக் கிடந்தது. இருபது வருஷம் அவனோடு பேசவில்லை. சந்தையில் பார்த்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வேன், அவனுக்குப் புரியும்.

பாட்டு எனக்குத் தெரியும், பதினொன்றும் தெரியும். நான் இரண்டாவது வரை படித்தவள், அதனால் காதில் விழுந்ததைக் கீழே போடுவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன்:

ஆறே, நீ வந்தால் சொல்லியனுப்பு,
படியிறங்கிக் குடத்தோடு நான் வருவேன்.
வாராத நாளெல்லாம் மணலைத் தோண்டி
வாய்வைத்துன் பேர்சொல்லிக் கேட்டிருப்பேன்.

பாட்டுக் கட்டினவனுக்குத் தன் பாட்டு எப்படி மறக்கும் என்று உன் பேராசிரியரைக் கேட்டு எழுது.

இங்கே பக்கத்து வீட்டில் விசைத்தறி வைத்துவிட்டார்கள், காது போகிறது. மத்தியானம் பன்னிரண்டுக்கு நிற்கும். நின்ற பிறகு என் வீட்டுக்குள் ராட்டை சுற்றுகிற ஓசை கேட்கும். ராட்டையை விற்றுப் பதினாறு வருஷம் ஆகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

கங்கம்மாள்

சென்னை
24-9-1961

அன்புள்ள ஆயா,

எல்லாரும் நலம். நீ தனியாக இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, ராட்டை ஓசை என்று எழுதியதிலிருந்து இன்னும் ஜாஸ்தி. மத்தியானத்தில் கண்ணம்மாள் பாட்டி வீட்டுக்குப் போய் உட்காரேன். சுண்டலை மறந்துவிடு.

பாட்டைப் பேராசிரியர் வகுப்பில் உரக்கப் படித்தார். பெண் பேசுவதாகப் பாட்டைக் கட்டுவது நம் பழைய மரபு, சம்பந்தம் அதைப் புதுசாக்கிவிட்டார் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் மாமாவிடம் காட்டினேன். நாலு தடவை படித்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், 'குடத்தோடு' என்பதைக் 'கொடியோடு' என்று மாற்றிக்கொடுத்தார். காலத்துக்கு அதுதான் பொருந்துமாம்.

உன் கேள்வியை அவரிடமே கேட்டேன். "நூத்துக்கணக்குல எழுதியாச்சு, எதைன்னு ஞாபகம் வச்சிக்கிறது" என்று சிரித்தார். ஆனால் நேற்று ஒரு விழாவில், போன மாதம் எழுதியதையும் பத்து வருஷத்துக்கு முன் எழுதியதையும் பார்க்காமல் சொன்னாரே ஆயா.

மீதிப் பத்தையும் அனுப்பு. இன்னொன்று. அம்மா என்ன பாட்டுப் பாடுவாள்? அவள் குரல் எனக்கு நினைவில்லை.

சாவித்திரி

குடியாத்தம்
3-10-1961

சாவித்திரிக்கு,

நலம். நலமறிய ஆவல். கொடியோடு ஆற்றில் இறங்கி என்ன செய்வானாம்? துவைப்பானா?

மீதிப் பாட்டு இல்லை, மறந்துவிட்டது. உன் அம்மா கல்யாணத்துக்குப் பிறகு பாடவில்லை. உனக்கு ஒன்றரை வயதில் ஆற்காட்டில் காய்ச்சலில் போய்விட்டாள், தாலாட்டுக்கூட நான் பாடியதுதான். நன்றாகப் படி.

கங்கம்மாள்

சென்னை
18-12-1961

அன்புள்ள ஆயா,

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மூன்று எழுதினேன். கண்ணம்மாள் பாட்டி மகனுக்கு எழுதிக் கேட்டேன், திடமாக இருக்கிறாய், தண்ணீர்க் குழாயில் இரண்டு பேரோடு சண்டை போட்டாய் என்று பதில் வந்தது. நிம்மதி.

உனக்கு எதுவும் மறக்காது. ஆண்டு விழாவில் அம்மா கட்டியிருந்த சேலையின் கட்டம் வரை எழுதியவள் நீ. அதனால் நேராகவே கேட்கிறேன். அந்தப் பாட்டை நான் தினமும் முணுமுணுக்கிறேன். மாமா எழுதிய எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். எதிலும் தண்ணீர் இல்லை, குடம் இல்லை, ஒரு பெண்கூட மூச்சு விடவில்லை. எல்லாம் வாளும் எரிமலையும்.

இதைக் கட்டியது யார்?

உனக்கு எழுத வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். கல்லூரித் தபால் பெட்டியில் போடுகிறேன். பதிலைக் கல்லூரி விலாசத்துக்கே அனுப்பு.

சாவித்திரி

குடியாத்தம்
16-1-1962

சாவித்திரிக்கு ஆயா எழுதுவது. இன்று மாட்டுப் பொங்கல் முடிந்து மறுநாள். காலையிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா கட்டினது. பதினொன்றும்.

சம்பந்தம் தறியில் உட்காருவான். அவனுக்கு, பாவில் குறுக்கே ஓடுகிற நாடாவில் போடுகிற தார் சுற்றிக் கொடுப்பது கமலவேணி வேலை. கட்டைவிரல் அகலத்துக் குழல், ராட்டையில் வைத்து நூல் சுற்றினால் நிரம்பும். குழல் காலியாக இருக்கும்போது பாட்டை ஆரம்பிப்பாள், நிரம்பும்போது பாட்டு முடியும். நீளமாகவும் போகாது, கம்மியாகவும் நிற்காது. ஒரு தாருக்கு ஒரு பாட்டு. அதனால்தான் எல்லாம் ஒரே அளவு. உன் மாமன் தறியில் இருந்தபடியே கேட்பான், ராத்திரி எழுதி வைப்பான். முதலில் வேடிக்கைக்குத்தான் தன் பெயரைப் போட்டான். அவளும் சிரித்தாள். பிறகு ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் கடைசிப் பக்கத்தில் புகழ்ந்து எழுதி வந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விழாவில் பாட்டைக் கேட்ட புலவர் ஐயா கண்ணைத் திறந்தார். இது பெண் மனசு, கட்டியது யார் என்று கேட்டார். உன் மாமன் தரையைப் பார்த்தான். சம்பத் இருக்கிறானே, அவன் வாய் நிற்காது. ஆர்மோனியத்தை விட்டுவிட்டு மூட்டைப் பக்கம் கையைக் காட்டி, "இந்தப் பொண்ணு ராட்டையில பாடறதுதான் இது, தெருவே கேட்டிருக்கு" என்றான். புலவர் ஐயா எழுந்தே நின்றுவிட்டார். "நீயா அம்மா கட்டினே?" என்றார்.

"அண்ணன் கட்டினது. நான் கேட்டுப் பாடுவேன்" என்றாள் உன் அம்மா.

அவ்வளவுதான். பச்சையப்பன் பொட்டலத்தைப் பிரித்தார். ஆம்பிளைகள் சபைக்குப் பாட்டுக் கட்டித் தருகிற பெண் என்று தெரிந்திருந்தால் பிரிக்காமல் ஆற்காட்டுக்கே கொண்டு போயிருப்பார். வைகாசியில் கல்யாணம். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு பாட்டும் வரவில்லை. நான் ஆற்காடு போனபோது ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. குழல் நிரம்பி நூல் வழிந்துகொண்டே இருந்தது, அவளுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை.

இப்போது மத்தியானத்தில் கேட்கிறது என்று சொன்னேனே, அந்த ஓசையும் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை.

மீதிப் பத்துப் பாட்டையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் நீ வாயைத் திறக்காதே. அவன் வீட்டில் சாப்பிட்டு அவன் நிழலில் படிக்கிறாய். பரீட்சை முடியட்டும்.

கங்கம்மாள்

சென்னை
2-3-1962

ஆயா,

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குத் தூக்கம் இல்லை, மற்றபடி நலம்.

பதினொரு பாட்டையும் என் கையால் பிரதி எடுத்து மாமா முன்னால் வைத்தேன். இவை அம்மாவுடையவை, அம்மா பெயரில் வர வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "உன் ஆயாவுக்கு வயசாயிடுச்சும்மா, எதையோ எதோட சேத்துப் பேசறாங்க" என்றார். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். தொகுப்பில் என் பகுதியின் முகப்பில், என் தங்கையின் நினைவுக்கு என்று ஒரு வரி போடுகிறேன், போதுமா என்றார். அத்தை அழுதாள். வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. விழாவில் நான்தான் ஆற்றுப் பாட்டைப் பாட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், 'கொடி'யோடு.

முக்தார் அகமது ஐயாவுக்கும் எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே. பேரணாம்பட்டிலிருந்து அழகான தமிழில் பதில் போட்டார். தோலைப் பற்றித்தான் முதல் பக்கம் முழுதும். மன்னிப்புக் கேட்க உன் வீட்டு வாசல் வரை ஏழு முறை வந்து திரும்பினாராம். அதன் பிறகு இப்படி எழுதியிருக்கிறார்: "உங்கள் தாயார் பதில் சொல்லுமுன் வாயைத் திறந்துவிட்டார். 'ஆமாம்' என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் யாரையோ திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. யாரைப் பார்த்தார் என்பது மூட்டை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை."

உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன் ஆயா. மூட்டைக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று அதில் இருக்கிறது.

சாவித்திரி

குடியாத்தம்
11-3-1962

சாவித்திரிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் குடி. முக்தாருக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம், அவன் பார்த்தேன் என்று சொல்வதை யார் நம்புவார்கள். பரீட்சைக்குப் படி. விழாவில் கொடுத்ததைப் பாடிவிட்டு இறங்கு. உன் அம்மா வாயை மூடிக்கொண்டதால்தான் நீ பிறந்தாய், அதை மறக்காதே.

கங்கம்மாள்

சென்னை, மாணவியர் விடுதி
6-5-1962

அன்புள்ள ஆயா,

நலம். விலாசம் மாறியிருப்பதைப் பார். ஒரு தோழி தன் அறையில் பாதி கொடுத்திருக்கிறாள். பரீட்சை எழுதிவிட்டேன்.

விழா ஏப்ரல் இருபத்திரண்டு அன்று நடந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம், இந்தத் தடவை மூட்டைகள் இல்லை. என்னைப் பாட அழைத்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை, யாரையும் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். "இதையும் இன்னும் பத்துப் பாட்டையும் கட்டினது எங்க அம்மா, குடியாத்தம் கமலவேணி. எங்க மாமா எழுதி வச்சதாலதான் இது நமக்குக் கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் 'குடத்தோடு' என்றே பாடினேன். ஒரு தார் நிரம்புகிற நேரம்தான் ஆயா.

யாரும் கை தட்டவில்லை. பின்னால் ஒருவர் என்னை இறக்கச் சொன்னார். மாமா பேச எழுந்து, குறிப்புத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே என் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

நேற்று அச்சகத்திலிருந்து புத்தகம் வந்தது. என் பெயர் எழுதிய உறை, மாமாவின் கையெழுத்து. உள்ளே எந்தக் கடிதமும் இல்லை. அம்மாவின் பாட்டுகள் மாமா பெயரிலேயே அச்சாகியிருந்தன. கடைசியில் பிழை திருத்தம் என்று ஒரு சின்னத் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. எல்லாப் பிரதியிலும் ஒட்டியிருக்கிறதாம், அச்சகத்தில் கேட்டேன், இரண்டு நாள் அவரே உட்கார்ந்து ஒட்டினாராம். அதை அப்படியே எழுதுகிறேன்:

"பக்கம் 9, வரி 2: 'கொடியோடு' என்பதைக் 'குடத்தோடு' என்று படிக்க. பக்கம் 9 முதல் 31 வரை உள்ள பதினொரு பாடல்களையும் கட்டியவர் என் தங்கை கமலவேணி. — சம்பந்தம்."

ஒரு பிரதியை உனக்கும் அனுப்புகிறேன். லீவுக்கு வருகிறேன். உன்னை நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

சாவித்திரி

குடியாத்தம்
19-5-1962

என் கண்ணு சாவித்திரிக்கு ஆயா ஆசீர்வாதம். புத்தகம் வந்தது. துண்டுத்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன், மூன்று தடவை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் பேரணாம்பட்டு போனேன். முக்தார் வீட்டு வாசலில் நின்றேன். அவன் சம்சாரம் அக்தரி பேகம் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். முக்தாருக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது. என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றான். "அம்மா, தோலு..." என்று ஆரம்பித்தான். "உக்காருடா, டீ ஆறிப்போவுது" என்றேன். அதோடு அது தீர்ந்தது. துண்டுத்தாளை அக்தரி பேகம் அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் அழுதான், எனக்கு வரவில்லை.

பச்சையப்பன் செத்து எட்டு வருஷம் ஆகிறது, அவரையும் மன்னித்து விட்டுவிட்டேன். கண்ணம்மாளோடு நேற்று உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். உன் மாமனுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதினாலு வருஷத்துக்குப் பிறகு. ஊருக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போ என்று மட்டும் எழுதினேன். அத்தனை பிரதியிலும் தன் கையால் ஒட்டினானே, அவனுக்கு அது போதும்.

லீவுக்கு வரும்போது பழைய சேலை இரண்டு கொண்டு வா, தலையணை உறைக்கு வேண்டும்.

உன் ஆயா,
கங்கம்மாள்

கடிதத்தை மடித்துவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நீ கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய், அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவள் என்னைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எதிரே பச்சையப்பனின் மடியும் பொட்டலமும் தெரிந்தன. நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை அசைத்தேன். ஒரே ஒரு தடவை. என்னை நான் மன்னிக்கிறேனா என்று கேட்காதே, பெற்றவளுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

ஆனால் ஒருத்தி இருக்கிறாள். பிறந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. மழையில் போகாதே என்றால் மழையில்தான் போவாள். பாடாதே, தெருவில் கேட்கிறது என்றால் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடுவாள். அடித்தால் சிரிப்பாள். பதினெட்டு வருஷம் என் பேச்சைக் காலில் போட்டு மிதித்தவள், அந்த ஒரு தலையாட்டலை மட்டும் எதற்காகக் கேட்டாள்? நீ கேட்கவில்லையே. வேண்டாம் என்று நான் எழுதியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு வந்தாயே. அவளும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

எல்லாரையும் விட்டுவிட்டேன், அவளை மட்டும் விட மாட்டேன். என் மகள் கமலவேணியை.